அம்மாவின் மறதிக்குப் புதிய ஊசி: வீட்டை விற்கலாமா?

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து 49 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு வயது 73. அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் சொன்னதையே சொல்வதும் கேட்டதையே கேட்பதுமாக மறதி தொடங்கியது. பிறகு சாம்பாரில் இரண்டு முறை உப்பு, கோயிலிலிருந்து திரும்பும்போது தெரு மாறிப் போனது, மோதிரத்தை வேலைக்காரப் பெண் எடுத்துவிட்டாள் என்ற பழி. சென்ற ஆண்டு அல்சைமர் நோய் என்று உறுதி செய்தார்கள். அண்மையில் எடுத்த நினைவாற்றல் சோதனையில் 30-க்கு 16 மதிப்பெண்.

டொனபெசில் மாத்திரை கொடுத்தார்கள். குமட்டல், எடை குறைவு, சிறுநீர் கசிவு. 'முன்னேற்றமும் இல்லையே' என்று நான்கு மாதத்தில் வாசகி அதை நிறுத்திவிட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை நோயும், இதயத் துடிப்பு சீரில்லாத தொல்லையும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க அபிக்சபான் சாப்பிடுகிறார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், 'இங்கே புதிய ஊசி வந்திருக்கிறது, அம்மா பெயரில் உள்ள வீட்டை விற்று அழைத்து வந்துவிடலாம்' என்கிறார். சென்னையில் இருக்கும் அக்கா, 6 லட்சம் ரூபாய்க்கு ஸ்டெம் செல் (வேறு வகை உயிரணுவாக வளரக்கூடிய மூல உயிரணு) ஊசி போடும் இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். வாசகி வல்லாரை மாத்திரையும் ஜிங்கோ என்ற மரத்தின் இலையிலிருந்து எடுத்த மாத்திரையும் தேங்காய் எண்ணெயும் கொடுத்து வருகிறார். 'எது சரி? நான் மாத்திரையை நிறுத்தியதால்தான் அம்மா இப்படி ஆனாரா? எனக்கும் இது வருமா?' என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. இல்லை, நீங்கள் நிறுத்தியதால் நோய் முற்றவில்லை. டொனபெசில் நோயின் வேரைத் தொடும் மருந்து அல்ல. மூளையில் நினைவுக்கும் கவனத்துக்கும் உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் இந்த நோயில் குறைந்துகொண்டே போகிறது. இருக்கும் கொஞ்சத்தையும் சீக்கிரம் சிதையாமல் பாதுகாப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. உள்ளே நோய் தன் போக்கில் நடந்துகொண்டுதான் இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் அது தந்துகொண்டிருந்த சிறிய உதவி போய்விடும், அவ்வளவுதான்.

ஆனால் 'முன்னேற்றம் இல்லை' என்று அதை நிறுத்தியது ஒரு தவறான எதிர்பார்ப்பினால் வந்த முடிவு. இந்த நோயில் ஆறு மாதம் இருந்த இடத்திலேயே இருப்பதும் பலன்தான். பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2012-இல் வெளியானது. நோய் நடுத்தர நிலையிலும் கடுமையான நிலையிலும் இருந்த 295 பேரில், டொனபெசிலைத் தொடர்ந்தவர்கள் நிறுத்தியவர்களைவிட ஓரளவு நல்ல நிலையில் இருந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் உண்மையான வித்தியாசம்.

அண்ணன் சொல்லும் ஊசி

அவர் சொல்வது கட்டுக்கதை அல்ல. மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை அகற்றும் மருந்துகள் வந்திருக்கின்றன. லெக்கனெமாப் 2023-இலும் டொனனெமாப் 2024-இலும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. டொனனெமாப்புக்கு 2025-இல் இந்தியாவிலும் அனுமதி கிடைத்துவிட்டது. முன்னது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பின்னது மாதம் ஒரு முறை, டிரிப்ஸ் போல ரத்த நாளத்தில் ஏற்றுவது. படிந்த புரதத்தை உண்மையிலேயே அகற்றி, நோயின் வேகத்தையும் கொஞ்சம் குறைக்கும் மருந்துகள் வந்ததை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. இதற்கு முன் எத்தனையோ மருந்துகள் கடைசிக் கட்ட ஆய்வில் தோற்றுப் போயின. 2021-இல் அவசரமாக அனுமதி பெற்ற அடுகனுமாப், பலன் உண்டா என்ற சர்ச்சையிலேயே இருந்து 2024-இல் கைவிடப்பட்டது.

உங்கள் அண்ணன் '27 சதவீதம் குணமாகும்' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் பிழை. லெக்கனெமாப் ஆய்வில் 1,795 பேர் கலந்துகொண்டார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது ஊசி போட்டவர்களும் சரிந்திருந்தார்கள், போடாதவர்களும் சரிந்திருந்தார்கள். போட்டவர்கள் சரிந்த வேகம் 27 சதவீதம் குறைவு. நோயின் கடுமையை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் இரு தரப்புக்கும் இடையே இருந்த வித்தியாசம் 0.45 புள்ளி. போன நினைவு யாருக்கும் திரும்பி வந்ததாக அந்த ஆய்வு சொல்லவில்லை.

இனி உங்கள் அம்மாவுக்கு வருவோம். லெக்கனெமாப் ஆய்வில் உங்கள் அம்மாவுக்கு எடுத்த அதே சோதனையில் 22 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களைத்தான் சேர்த்தார்கள். டொனனெமாப்புக்கு 20 முதல் 28 வரை. இவை நோயின் தொடக்க நிலைக்கான மருந்துகள். அம்மா எடுத்தது 16. அந்தக் கட்டத்தை அவர் தாண்டிவிட்டார்.

இதைவிட முக்கியமான தடை அவர் சாப்பிடும் அபிக்சபான். இந்த ஊசிகள் அமிலாய்டை அகற்றும்போது சிலருக்கு மூளையில் வீக்கமும் நுண்ணிய ரத்தக் கசிவும் ஏற்படுகின்றன. வீக்கம் மட்டும் லெக்கனெமாப்பில் 100 பேரில் 13 பேருக்கும் டொனனெமாப்பில் 24 பேருக்கும் தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஸ்கேனில் தெரிந்ததோடு சரி, தொந்தரவு இல்லை. ஆனால் இறந்தவர்களும் உண்டு. அதனால்தான் முதல் சில மாதங்களில் நான்கைந்து முறை எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்கிறார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு இந்த ஊசியைத் தவிர்ப்பதே இன்று நிபுணர்கள் தரும் அறிவுரை. 'அப்படியானால் அபிக்சபானை நிறுத்திவிட்டு ஊசி போடலாமே' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அந்த மாத்திரைதான் அம்மாவைப் பக்கவாதத்திலிருந்து காத்துக்கொண்டிருக்கிறது.

லெக்கனெமாப் அறிமுகமானபோது அமெரிக்காவில் மருந்துக்கு மட்டும் ஆண்டுக்கு 26,500 டாலர் விலை வைத்தார்கள். ஸ்கேன், மருத்துவமனைச் செலவு எல்லாம் தனி. இருபது மணி நேர விமானப் பயணம், புரியாத வீடு, தலைகீழாக மாறிய இரவு பகல் என்று மறதி நோயாளிக்கு ஏற்படும் குழப்பத்தையும் யோசியுங்கள். அண்ணனிடம் கோபப்படாமல் பேசுங்கள். தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு இருக்கும். இந்தக் கடிதத்தையே அவருக்கு அனுப்பிவையுங்கள்.

உடல் எடையைக் குறைக்கும் செமாகுளுடைடு மறதியையும் தடுக்கும் என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அதையும் பெரிய அளவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 3,800-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற இரண்டு ஆய்வுகளின் முடிவு 2025 நவம்பரில் வந்தது. நோயின் வேகம் குறையவில்லை. ஏற்கெனவே இளைத்துப் போன உங்கள் அம்மாவுக்கு எடையைக் குறைக்கும் மருந்து கூடவே கூடாது.

அக்கா சொல்லும் ஸ்டெம் செல்

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. வேண்டாம். அல்சைமருக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பலன் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேவைகள் தவிர மற்றவற்றுக்கு, முறையான மருத்துவ ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுக்கக் கூடாது. முறையான ஆய்வில் சேரும் நோயாளியிடம் 6 லட்சம் கேட்க மாட்டார்கள். அந்த இடத்தில் காட்டிய 'குணமானவர்' வீடியோவைப் பார்த்து அக்கா அழுதுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கண்ணீர் உண்மையானது. அதை வைத்துத்தான் அங்கே வியாபாரம் நடக்கிறது.

ஜிங்கோவையும் இன்றே நிறுத்திவிடுங்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களிடம் பல ஆண்டுகள் சோதித்து, மறதி நோயை அது தடுக்கவில்லை என்று 2008-இலேயே தெரிந்துவிட்டது. அபிக்சபானோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு ஆபத்தும் கூடலாம். வல்லாரையைத் துவையலாக அரைத்துக் கொடுங்கள், அம்மா விரும்பிச் சாப்பிடுவார் என்றால். மாத்திரை வேண்டாம். தேங்காய் எண்ணெயைச் சமையலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய மாத்திரைப் பட்டியல்

சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் மூன்று முறை படித்தது கடைசிப் பக்கத்தில் இருந்த இந்தப் பட்டியலைத்தான். என்னிடம் வரும் குடும்பங்களிடம் எப்போதும் சொல்வேன்: ஸ்கேன் படத்தை மறந்தாலும் பரவாயில்லை, வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள் என்று. போன வாரம் ஒருவர் மேசையில் கொட்டிய மஞ்சள் பையில் 14 அட்டைகள் இருந்தன. அவற்றில் மூன்று ஒரே மருந்து, மூன்று வேறு பெயர்களில்.

உங்கள் பட்டியலில் ஆக்ஸிபியூட்டினின் இருக்கிறது. சிறுநீர் கசிவுக்கு வேறொரு மருத்துவர் எழுதியது. நடந்ததை வரிசைப்படுத்திப் பாருங்கள். டொனபெசில் ஆரம்பித்த இரண்டாவது மாதம் சிறுநீர் கசியத் தொடங்கியது. அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவுகளில் அதுவும் ஒன்று. அது புதிய நோய் என்று நினைத்து ஆக்ஸிபியூட்டினின் எழுதினார்கள். இந்த மருந்து செய்வது என்ன தெரியுமா? டொனபெசில் எந்த அசிட்டைல்கோலினைக் காப்பாற்றப் பாடுபடுகிறதோ, அதன் வேலையையே தடுக்கிறது. ஒரே வண்டிக்கு முன்னால் ஒரு மாட்டையும் பின்னால் ஒரு மாட்டையும் பூட்டியது போல. பிறகு நீங்கள் டொனபெசிலை நிறுத்தினீர்கள். ஆக்ஸிபியூட்டினின் மட்டும் இன்றுவரை தொடர்கிறது. அதோடு இரவில் தூங்குவதற்காக மருந்துக் கடையில் வாங்கும் சளி மாத்திரையில் குளோர்பெனிரமைன் இருக்கிறது. அதுவும் இதே வகைதான். வயதான மூளையில் இவை குழப்பத்தையும் மறதியையும் கூட்டும். மலச்சிக்கலையும் தரும், அதையும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

அம்மாவின் நிலை கடந்த ஆறு மாதத்தில் சட்டென்று சரிந்ததில் இந்த இரண்டு மாத்திரைகளுக்கும் பங்கு இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். சளி மாத்திரையை நிறுத்திவிடுங்கள். ஆக்ஸிபியூட்டினினை நீங்களாக நிறுத்தாமல், இந்த வாரமே மருத்துவரிடம் காட்டி, 'டொனபெசிலை நிறுத்திய பிறகும் இது தேவையா?' என்று நேராகக் கேளுங்கள். எந்த மருத்துவரும் இந்தக் கேள்விக்குக் கோபப்படக் கூடாது.

அடுத்தது சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின். பல ஆண்டுகள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையக்கூடும். பி12 குறைவும் தைராய்டு குறைபாடும் தாமே மறதியைத் தரும், இருக்கும் மறதியை மோசமாக்கும். நீங்கள் அனுப்பிய ரத்தப் பரிசோதனைகளில் இந்த இரண்டையும் காணோம். எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் சாதாரண ஆய்வகத்திலேயே செய்யக்கூடியவை.

இவற்றைச் சரிசெய்து ஓரிரு மாதம் கழித்து மறதி மருந்தைப் பற்றி மீண்டும் பேசலாம். டொனபெசிலைத் திரும்ப ஆரம்பிப்பதானால் விட்ட அளவிலிருந்து தொடங்கக் கூடாது, 5 மில்லிகிராமிலிருந்துதான். அதற்கு முன் இசிஜி அவசியம். அம்மா இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரோலாலும் சாப்பிடுகிறார். இரண்டும் சேர்ந்து துடிப்பை மிகவும் குறைத்துவிட்டால் மயங்கி விழுவார். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர் விழுந்து தலையில் அடிபட்டால் அது சிறிய விஷயம் இல்லை. குமட்டல்தான் தொல்லை என்றால், தோலில் ஒட்டும் ரிவாஸ்டிக்மின் பட்டை இருக்கிறது. வயிற்றுத் தொந்தரவு குறைவு, ஆனால் இதயத் துடிப்பு பற்றிய எச்சரிக்கை அதற்கும் உண்டு. நடுத்தர நிலைக்கு மெமன்டைன் என்ற இன்னொரு மருந்தும் உண்டு. அது வேறு வழியில் வேலை செய்வது. சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்துவிட்டுத் தருவார்கள். உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை நான் முதலில் யோசிப்பது மெமன்டைனைத்தான். முடிவை அவரை நேரில் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் எடுக்கட்டும்.

டிவியை ஊருக்கே கேட்கும்படி வைக்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். காதைப் பார்த்தீர்களா? முதலில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பிறகு கேட்புச் சோதனை. சரியாகக் காதில் விழாத கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னால், அதையும் மறதிக் கணக்கில்தான் எழுதுவார்கள்.

வீடும் கையெழுத்தும்

வீடு அம்மாவின் பெயரில் இருக்கிறது. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதைப் புரிந்துகொள்ள முடியாத நிலையில் ஒருவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. நாளைக்கு உங்கள் மூவருக்குள் மனத்தாங்கல் வந்தால், அந்த விற்பனைப் பத்திரமே வழக்காகிவிடும். பவர் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் சாதாரண அதிகாரப் பத்திரமும் அதோடு முடிந்துவிடும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம். ஓய்வூதியக் கணக்கை எப்படிக் கையாள்வது, நீதிமன்றம் மூலம் பாதுகாவலர் நியமனம் தேவையா என்பதையெல்லாம் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். வீட்டை விற்க வேண்டாம் என்பதற்கு எனக்கு மருத்துவக் காரணமும் உண்டு. பழகிய அடுப்பங்கரை, பழகிய திண்ணை, பழகிய குளியலறைக் கதவு, இவைதான் அம்மாவுக்கு இப்போது நினைவுக்குப் பதிலாக இருந்து வழிகாட்டுகின்றன.

கையில் இருக்கும் பணத்தில், பகலில் நான்கு மணி நேரம் அம்மாவுடன் இருக்க ஓர் ஆளை வையுங்கள். எட்டுப் பக்கத்தில் ஓரிடத்தில்கூட நீங்கள் உங்கள் உடம்பைப் பற்றி எழுதவில்லை. சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பின் முதியோர் மனநலப் பிரிவு, இந்திய அல்சைமர் சங்கம் ஆகியவை குடும்பத்தாருக்கும் வழிகாட்டுகின்றன. முதியோருக்கான அரசு உதவி எண் 14567. நீங்களே சோர்ந்து போகும்போது பேசுவதற்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416.

உங்களுக்கும் வருமா?

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேராக வரும் அல்சைமர் மிக மிக அரிது. அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். உங்கள் அம்மாவுக்கு 70-இல் தொடங்கியது. உங்களுக்கு வாய்ப்பு ஓரளவு கூடுதல், விதி அல்ல. மரபணுச் சோதனைக்கு இப்போது ஓட வேண்டாம். பி-டௌ 217 என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை பற்றிப் படித்திருப்பீர்கள். அதை அடிப்படையாகக் கொண்ட ஒரு சோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது ஏற்கெனவே மறதி உள்ளவர்களுக்கு நோயைக் கண்டறிய உதவுவது. அறிகுறியே இல்லாதவர் ஜோசியம் பார்ப்பது போல எடுத்துப் பார்ப்பதற்கானது அல்ல. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது, கண், உடலுழைப்பு, மனச்சோர்வு எல்லாம் அதில் வருகின்றன. உங்கள் ரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

நான்கு மணிப் பை

கடிதத்தின் நடுவே ஒரு காட்சி. சாயங்காலம் நான்கு மணியானால் அம்மா பழைய கைப்பையை எடுத்துக்கொண்டு, 'ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது' என்று வாசலுக்குப் போகிறார். 'நீங்கள் ரிட்டயர் ஆகிப் பதினைந்து வருஷம் ஆகிறது அம்மா' என்று நீங்கள் தடுக்கிறீர்கள். தினமும் அழுகையில் முடிகிறது. இந்த நேரத்துக்காக ஒரு தூக்க மருந்தோ மனநோய் மருந்தோ கேட்டிருக்கிறீர்கள். மனநோய் மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களுக்குப் பக்கவாதத்தையும் மரணத்தையும் கூட்டும் என்ற எச்சரிக்கை உண்டு. தன்னையோ பிறரையோ தாக்கும் நிலை வந்தால் தவிர, நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

வேறொன்று செய்து பாருங்கள். மூன்றரை மணிக்கே விளக்கைப் போட்டுவிடுங்கள், காபியும் இரண்டு பிஸ்கட்டும் கொடுங்கள், சிறுநீர் கழிக்க அழைத்துப் போங்கள். பல சமயம் பசியும் முட்டிய சிறுநீர்ப்பையும்தான் 'ஸ்கூலுக்குப் போகணும்' என்று வெளிவருகின்றன. பையை எடுத்தால் பிடுங்காதீர்கள், திருத்தாதீர்கள். 'இன்றைக்கு எந்த வகுப்பு டீச்சர், என்ன பாடம்?' என்று கேளுங்கள். ஒரு சிலேட்டும் சாக்கட்டியும் பக்கத்தில் இருக்கட்டும். கூடவே தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்புங்கள். இரண்டு வாரம் செய்து, எந்த நாள் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரைப் பையோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த வகுப்பு என்று கேட்டதற்கு அம்மா என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.